பழவேற்காட்டு மணலில் பாட்டில் பிரஷ் வைக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் புது வீடு கட்டினால் இப்போதெல்லாம் வாசலுக்கு ஒரு பூமரம் கேட்கிறார்கள். தென்னையும் முருங்கையும் கொல்லையில் இருந்துகொள்ளட்டும். வாசலில், கிளையெல்லாம் தாழ்ந்து நுனிக்கு நுனி சிவப்பாகப் பூத்துத் தொங்கும் அந்தச் சின்ன மரம் வேண்டும் என்கிறார்கள். நர்சரியில் அதன் பெயர் பாட்டில் பிரஷ். கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் செம்மண் தோட்டங்களில் அது சிரமமில்லாமல் வருகிறது. பழவேற்காட்டில் அதே கன்று கோடையில் நுனி கருகுவதைப் பார்த்துவிட்டு, இந்த மண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது என்று கைவிட்டுவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளும், பிள்ளைகளே. ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் கடலுமாக இருக்கும் ஊரில் உப்பு எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டு மரம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். காற்றில் வரும், தண்ணீரில் வரும், நாமே கொண்டுபோய்க் கொட்டுவதிலும் வரும். அந்த மூன்றையும் தடுத்துவிட்டால் மீதியை மரமே பார்த்துக்கொள்ளும்.

1. கன்றைப் பார்த்து வாங்குங்கள். பாட்டில் பிரஷ் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளை விற்கிறார்கள். ஒன்று விறைப்பாக நிமிர்ந்து புதராக வளர்வது. இலை சற்று அகலம், கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். நீங்கள் கேட்பது அதுவல்ல. மூன்றடி உயரத்திலேயே குச்சிகள் மெலிந்து, நுனி கீழே வளைந்து, இலை ஒடுங்கி, புதுத் துளிரில் மெல்லிய வெண்மயிர் படர்ந்திருந்தால் அதுதான் தொங்கும் வகை. விதையில் வந்த கன்றுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை; சில நன்றாகத் தொங்கும், சில அரைகுறையாக நிற்கும். நன்றாகத் தொங்கும் தாய்மரத்தின் குச்சியில் வேர்விட வைத்ததா, பதியம் போட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

இதன் சொந்த இடம் கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஓடைக்கரைகள். 1770-இல் கேப்டன் குக்கின் கப்பலில் அந்தக் கரைக்குப் போன சொலாண்டர் என்ற தாவர அறிஞரின் குறிப்பை வைத்து, 1788-இல் கேர்ட்னர் என்பவர் இதற்கு முதல் அறிவியல் பெயரைச் சூட்டினார். இன்றைக்கு நமக்கு உதவுவது அந்த ‘ஓடைக்கரை’தான். வேரில் ஈரம் நின்றால் இந்த மரம் பொறுக்கும். ஆனால் அது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும்.

2. கடலைப் பார்த்த முகப்பில் வைக்காதீர்கள். உப்புச் சாரல் ஏறி வரும் காற்று நேராக அடிக்கும் இடத்தில் இலை முதலில் நுனியிலும் ஓரத்திலும் பழுப்பாகும், பிறகு துளிரே கருகும். பூ வருவது அந்த நுனியில்தான், ஆகவே காற்று இலையை மட்டும் தின்னவில்லை, பூவையும் சேர்த்துத் தின்கிறது. கடல் பக்கம் முதல் வரிசைக்குப் பூவரசும் புன்னையும் இருக்கின்றன. அவை இந்தக் கரையிலேயே பிறந்தவை, சாரலைத் தாங்கும். சவுக்கு இருந்தால் அதுவும் சரி. அந்த வரிசைக்குப் பின்னால், அல்லது வீட்டுச் சுவரின் மறைவில், வாடைக்காற்று நேரே தாக்காத பக்கமாக இதை வையுங்கள். நிழலில் ஒதுக்கிவிடவும் கூடாது. ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படாவிட்டால் பூ குறையும்.

சுவரிலிருந்து பத்து அடி தள்ளுங்கள். செப்டிக் டாங்க், தண்ணீர்க் குழாய் இவற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். ஓடைக்கரை மரத்தின் வேர் ஈரத்தைத் தேடிப் போகும்.

வலை அலசிக் காயப்போடும் இடமும், ஐஸ் பெட்டி கவிழ்த்துக் கழுவும் இடமும் எத்தனை வசதியாகத் தெரிந்தாலும் வேண்டாம். அந்த மணலில் வருஷக்கணக்கில் உப்பு இறங்கியிருக்கும்.

3. எல்லாவற்றிலும் பெரியது தண்ணீர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை கூடுதல். மணலில் இரண்டும் சீக்கிரம் கலப்பதில்லை. நெதர்லாந்தில் பாடன் கைபன் என்ற பொறியாளர் 1888-இலும், ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் தனித்தனியாக இதற்கு ஒரு கணக்குக் கண்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் வைத்து மேலே 1 அடியை இறைத்துவிட்டால், கீழே உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். ஆழமாக போர் போட்டவர் வீட்டில் உப்புத் தண்ணீரும், பக்கத்தில் ஆழமில்லாத ஊற்றில் குடிக்கிற தண்ணீரும் வருவது இதனால்தான். மரத்துக்கு ஊற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றுங்கள், போர் தண்ணீரை விடாதீர்கள்.

எந்தத் தண்ணீர் ஆகும் என்று பார்க்க அடுப்படியில் இருப்பவர்களைக் கேளுங்கள். துவரம்பருப்பு வேகாமல் கல்லாக நிற்கிற தண்ணீர் இந்த மரத்துக்கும் ஆகாது. அது கடினத்தைக் காட்டும் சோதனை. நாக்கில் கரித்தால் உப்பு என்பதற்கு வேறு சோதனை தேவையில்லை. ஏரித் தண்ணீரை எந்தக் காலத்திலும் எடுக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் வெள்ளம் கொண்டுவரும்போது அது உப்புக் குறைந்து நல்ல தண்ணீர்போலத் தெரியும். கோடையில் முகத்துவாரம் மூடிக்கொண்டால் கடலைவிடக் கரிக்கும். ஒரு மாதம் சரியாக இருந்ததை நம்பி அடுத்த மாதமும் ஊற்றிவிடுவீர்கள்.

சற்றே உவர்ப்பான தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்றால், தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிற பழக்கத்தை விடுங்கள். சொம்புத் தண்ணீர் மேல் மண்ணிலேயே காய்ந்து, உப்பை மட்டும் அங்கே விட்டுப் போகும். மண் மேல் வெள்ளைப் பூச்சு படர்வது அதன் அடையாளம். நாலைந்து நாளுக்கு ஒரு தடவை, பாத்தி நிறைய, தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கிப் போகும் அளவுக்கு விடுங்கள். உப்பும் அதோடு கீழே போய்விடும். இந்தத் தண்ணீரை இலை மேல் தெளிக்கவே கூடாது.

தொங்கும் மரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மற்ற செடி தாகத்தில் துவளும், பார்த்தவுடன் தெரியும். இது எப்போதும் தலை தாழ்ந்தே நிற்கும். அதனால் கிளையைப் பார்க்காமல் துளிரைத் தொட்டுப் பாருங்கள். பளபளப்புப் போய்த் தளர்ந்திருந்தால் தாகம். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டும் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தும் நுனி கருகினால் குறை தண்ணீரின் அளவில் இல்லை, உப்பில் இருக்கிறது.

4. கிளிஞ்சல் மண்ணை அறிந்துகொள்ளுங்கள். ஏரியில் கிளிஞ்சல் வாரிச் சுண்ணாம்பு சுட்ட ஊர் இது. எங்கே தோண்டினாலும் சிப்பித் துண்டு வரும். சிப்பி என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. பாட்டில் பிரஷ் அதைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உப்பால் வரும் கருகலையும் இந்த மஞ்சளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கருகல் ஓரத்தில் தொடங்கும், மஞ்சள் நரம்புக்கு நடுவில் தொடங்கும். ஒன்றுக்குத் தண்ணீரை மாற்ற வேண்டும், மற்றதற்கு இரும்பு கொடுக்க வேண்டும்.

1 லிட்டர் நல்ல தண்ணீரில் 5 கிராம் இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். பத்து பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. மண்ணில் அன்னபேதியைக் கொட்டினால் சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்ளும், வீண். மண்ணைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு நம் மாவட்டத்தில் திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அறிக்கையில் உப்பின் நிலை, பி.எச். இரண்டையும் பாருங்கள். பி.எச். 8-ஐத் தாண்டியிருந்தால் மஞ்சள் வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். கட்டட வேலை முடிந்து மிஞ்சிய சிமெண்டுக் கலவை, சுண்ணாம்பு உதிரி எதையும் குழிப் பக்கம் விடாதீர்கள்.

5. காலம். மேட்டு மணலாக இருந்தால் ஆவணியில் வையுங்கள். மழை தொடங்கும் முன் வேர் கொஞ்சம் ஓடிவிடும், ஐப்பசி மழை உப்பைக் கழுவிக் கீழே தள்ளும். மழைத் தண்ணீர் தேங்கும் தாழ்வான மனையாக இருந்தால் தை பிறக்கும் வரை பொறுங்கள். இந்த மண் வருஷத்தில் உப்புக் குறைந்து இருப்பது அப்போதுதான், புயலும் ஓய்ந்திருக்கும். ஆனால் அதன் பிறகு கோடை முழுக்க நீங்கள் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். அதற்குத் தயாரில்லை என்றால் அடுத்த ஆவணி வரை கன்றைத் தொட்டியில் வைத்திருங்கள்.

6. பையிலிருக்கும் செம்மண் உருண்டையை அப்படியே புதைக்காதீர்கள். நர்சரிக் கன்று கறுப்புப் பையில் இறுகிய செம்மண்ணோடு வரும். அதை மணலில் வைத்தால் தண்ணீர் மணல் வழியாக ஓடிவிடும், உருண்டைக்குள் இறங்காது. வெளியே ஈரமாகத் தெரியும்; உள்ளே வேர் காய்ந்துகொண்டிருக்கும். நடுவதற்கு முன் உருண்டையை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளி மண்ணை விரலால் உதிர்த்து, சுற்றிச் சுருண்டிருக்கும் வேரை மெதுவாகப் பிரித்துவிடுங்கள். இரண்டடிக் குழி போதும். தோண்டிய மணலோடு செம்மண்ணையும் மட்கிய தொழு உரத்தையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். அடுக்கடுக்காகப் போடாமல் கலக்க வேண்டும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அந்த மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைக்கக் கூடாது. தாழ்வான இடமென்றால் ஒன்றரை அடிக்கு மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்.

மேலே மூடாக்கு அவசியம். வெயிலில் நம் மணல் கொதிக்கும். ஊரில் பனை ஓலைப் பெட்டி முடைகிற பெண்கள் நறுக்கித் தள்ளுகிற சாயம் போடாத ஓலைத் துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பரப்புங்கள், தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் விட்டுவிடுங்கள். தென்னை நார்க் கழிவு போடுவதாக இருந்தால் மழையில் ஒரு பருவம் நனைந்ததைப் போடுங்கள். புதிதில் அதிலும் உப்பு இருக்கும்.

7. நைலான் கயிற்றால் கட்டாதீர்கள். கொம்பு ஊன்றிக் கட்ட வேண்டியது உண்மை, இரண்டு வருஷமாவது. ஆனால் நம் ஊரில் கைக்கு முதலில் அகப்படுவது வலைக் கயிறு. அது மழையில் மட்காது, வெயிலில் தளராது. தண்டு பருக்கப் பருக்கப் பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். பருத்திப் புடவையைக் கிழித்து, கொம்புக்கும் தண்டுக்கும் நடுவே எட்டு வடிவில் தளரக் கட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவிழ்த்துக் கட்டுங்கள். ஆட்டுக்குப் பயந்து பழைய வலையைச் சுற்றிக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தரையோடு கிடக்கும் வலையில் ஓணானும் பாம்பும் சிக்கிச் சாகின்றன. மூங்கில் தட்டி வையுங்கள்.

8. கருவாட்டுக் கழிவு உரமல்ல. மீன் ஊரில் பிறந்தவர்களுக்கு மீன் கழிவை வேரில் புதைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் உப்புப் போட்ட மீனின் கழிவும், அந்த மீனைக் கழுவிய தண்ணீரும், ஐஸ் பெட்டியின் அடித்தண்ணீரும் இந்த மரத்தைக் கொல்லும். பச்சை மீனின் குடலையும் செதிலையும் நல்ல தண்ணீரில் அலசி, சம எடை வெல்லம் சேர்த்து, மூடிய வாளியில் நாற்பது நாள் நிழலில் வைத்தால் மீன் அமிலம் கிடைக்கும். 1 லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி, மாதம் ஒரு முறை, முதல் இரண்டு வருஷத்துக்கு. அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை தொழு உரம் போதும். அதிகம் ஊட்டினால் இலைதான் அடர்கிறது.

9. நுனியை வெட்டாதீர்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த விஷயம். தொங்கும் கிளைகளின் அடிப்பக்கத்தைச் சுற்றிலும் ஒரே மட்டமாக, தலைமுடி கத்தரிப்பதுபோல, கத்தரித்துவிடுகிறார்கள். அடுத்த பருவத்தில் பூ ஏன் இல்லை என்று பிறகு கேட்கிறார்கள். வெட்டிப் போட்டதே பூ வரவேண்டிய இடம்.

இதன் பூ எப்படி வருகிறது என்று ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். சிவப்பாகத் தெரிவது இதழல்ல, மகரந்தத் தாள்கள். இதழ் சிறியது, கண்ணில் படுவதற்குள் உதிர்ந்துவிடும். குச்சியைச் சுற்றி நூற்றுக்கணக்கான தாள்கள் விரிகின்றன. பல மரங்களில் பூங்கொத்தோடு குச்சி முடிந்துபோகும். இதில் பூவைத் தாண்டி அதே குச்சி மேலும் வளர்ந்து இலை விடும், அந்தப் புது வளர்ச்சியின் நுனியில் மறுபடி பூக்கும். அதனால்தான் பழைய குச்சியில் நடுநடுவே கட்டைபோன்ற சின்னக் காய்கள் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வளையமும் ஒரு பூப்பருவம்.

ஆகவே வெட்ட வேண்டிய நேரம் ஒன்றுதான்: பூ வாடிய இரண்டு மூன்று வாரத்துக்குள். வெட்ட வேண்டிய இடமும் ஒன்றுதான்: வாடிய பூவுக்குச் சற்றுப் பின்னால், கீழே இலை இருக்கும்படி. அங்கிருந்து இரண்டு மூன்று துளிர் பிரியும், ஒரு பூ இருந்த இடத்தில் அடுத்து இரண்டு தொங்கும். எல்லாக் குச்சியையும் வெட்ட வேண்டாம், மூன்றில் ஒன்று போதும். கீழே நடமாட இடம் வேண்டுமென்றால் தாழ்ந்த கிளை ஒன்றிரண்டை வருஷத்துக்கு ஒரு தடவை தண்டோடு எடுங்கள், ஐந்தாறு அடி உயரம் தெளியும் வரை. நுனிகளை மட்டும் அவற்றின் போக்கில் விடுங்கள். மொட்டையாக வெட்டினாலும் மரம் துளிர்க்கும், ஆனால் துளிர்ப்பவை நேர் மேலே எழும், அந்தத் தொங்கலைத் திரும்பப் பெற வருஷங்கள் ஆகும்.

கத்தியை எடுப்பதற்கு முன் கிளையைச் சுற்றிப் பாருங்கள். தேன்சிட்டு தேன் குடிக்க வருவது மட்டுமல்ல, தொங்கும் குச்சியின் நுனியில் பை மாதிரிக் கூடும் கட்டும். கூடு இருந்தால் குஞ்சு பறக்கும் வரை அந்தப் பக்கம் தொடாதீர்கள்.

10. மாவுப்பூச்சியும் அதன் பின்னால் எறும்பும் வரும், இலை மேல் கரும்பூசணம் படியும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தால் அடங்கும். பூ இருக்கும்போது தெளிக்காதீர்கள், தேனீ வரும்.

11. புயல். 2016 டிசம்பர் 12 வர்தாவும், 2023 டிசம்பரில் மிக்ஜாமும் வந்து போனதைப் பார்த்த நமக்கு இது வருஷத்துக்கு வருஷம் நினைக்க வேண்டிய காரியம். புரட்டாசியில் மரத்தின் உள்ளே குறுக்கே ஓடும் குச்சிகளையும் காய்ந்ததையும் எடுத்து, காற்று ஊடே போக வழி விடுங்கள். வெளி உருவத்தைக் குறைக்க வேண்டியதில்லை. கட்டிய துணியையும் கொம்பையும் சரி பாருங்கள்.

புயல் ஓய்ந்ததும் செய்ய வேண்டியது கழுவுதல். மழையோடு வந்த புயல் என்றால் மழையே கழுவியிருக்கும். மழை குறைந்து காற்று மட்டும் அடித்துப் போயிருந்தால், இலை மேல் படிந்த உப்பை அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். குடத்தில் மொண்டு ஊற்றினாலும் சரி. சாய்ந்த இளம் மரத்தை இரண்டு நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போதே நிமிர்த்தி, வேரைச் சுற்றி மண்ணை மிதித்து, மூன்று பக்கம் கொம்பு கொடுங்கள். கடல் தண்ணீரே மனைக்குள் வந்து நின்றுவிட்டால், வடிந்தவுடன் மரத்தைச் சுற்றி வரப்புக் கட்டி, நல்ல தண்ணீரை நிறைத்து வடியவிடுங்கள், மறுபடி நிறையுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய நிலங்களை வரப்புக் கட்டி மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்தே மீட்டார்கள். நம் மணலில் வடிகால் நன்றாக இருப்பதால் நமக்கு அது இன்னும் சுலபம்.

12. காயை ஏரிப் பக்கம் போடாதீர்கள். அந்தக் கட்டைக் காய்கள் வருஷக்கணக்கில் மூடியே கிளையில் இருக்கும், கிளை காய்ந்தால் திறந்து தூள் மாதிரி விதையைக் கொட்டும். தென்னாப்பிரிக்காவில் இந்த மரம் தோட்டத்திலிருந்து ஆற்றோரங்களுக்குப் பரவி, கட்டுப்படுத்த வேண்டிய அந்நியத் தாவரங்களின் பட்டியலில் ஏறியிருக்கிறது. சீமைக் கருவேலம் நம் மாநிலத்து ஏரி குளங்களில் செய்ததைப் பார்த்தோம். பூநாரை வரும் ஏரிக்கரையில் இன்னொன்று வேண்டாம். வெட்டிய குச்சியைக் காயோடு எரித்துவிடுங்கள்.

13. தண்ணீரும் இடமும் ஒத்துவரவில்லை என்றால் செங்கடம்பு வையுங்கள். சிலர் இதைச் சமுத்திரப் பழம் என்பார்கள். கிளை இப்படித் தாழாது, ஆனால் பூ முழங்கை நீளச் சரமாகத் தொங்கும், சிவப்பாக. இரவில் மலர்ந்து காலையில் உதிரும், வாசல் முழுக்கக் கிடக்கும். நீர்க்கரையில் பிறந்த நம் நாட்டு மரம், ஓரளவு உவர்ப்பையும் பொறுக்கும், ஆனால் காலப்போக்கில் பாட்டில் பிரஷைவிடப் பெரிதாகும், ஆகவே இருபது அடி இடம் விடுங்கள். ஒரு எச்சரிக்கை உண்டு. இதன் காயும் பட்டையும் மீனுக்கு நஞ்சு. இடித்துக் குட்டையில் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. இறால் குஞ்சு விட்ட குட்டையின் கரையிலும், நண்டு வைக்கும் தொட்டிப் பக்கத்திலும் இதை வைக்காதீர்கள். காய் விழும் மாதங்களில் தினமும் பெருக்கி, தள்ளிக் குழி வெட்டிப் புதையுங்கள்.